பலகைக்குப் பின்னாலிருந்து சொன்ன சொல்

1

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

ராமையா அண்ணன். கோயில் தலைவர். தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் மண்டோர், அதாவது ஆட்களுக்கு மேல் நின்று வேலை வாங்கியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குரல் இன்னும் மண்டோர் குரல்தான்.

சவரிமுத்து. என் மனைவியின் அண்ணன். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். மண்டபத்துக்கு மூன்று படி. அதனால் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வெளியே இருந்தார்.

தேவகி அக்கா. வெள்ளம் வந்தால் சனம் தங்குவது இந்த மண்டபத்தில்தான், அப்போது சமையல் அவர் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே வெங்காயம் உரிப்பவன்.

லயத்து வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, இருபது பேர் இருக்கும். பெரும்பாலும் பெண்கள்.

டவுன் அலுவலகத்து அதிகாரி. மலாய்க்காரப் பிள்ளை. முப்பதுக்குள் இருப்பார். என்சிக் என்போம். நம் ஊரில் சார் என்பது போல.

கடைசியாக நான். வேலுச்சாமி. பலகைக்குப் பின்னால்.

பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி ஒரு பெரிய வரைபடத்தைப் பிளைவுட்டில் ஒட்டிக் கொண்டு வந்திருந்தார். சுவரில் மாட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. சுவர் அவ்வளவு ஈரம். "ஏ ரொட்டி, பின்னால போயித் தாங்கிப் புடி" என்றார் ராமையா அண்ணன். ரொட்டிக் கடைக்காரன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். போனேன். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். முன்னால் இருப்பவர்களுக்கு என் கால் மட்டும் தெரியும். எனக்குப் பலகையின் முதுகு மட்டும் தெரியும்.

அதிகாரி நிறையப் பேசினார். வேகமான மலாய். எனக்குக் கை கடுத்தது. பிறகு பேச்சு நின்றது. ஒரு கேள்வி கேட்டார்.

"சியாப்பா தாங்கோங்?"

சியாப்பா என்றால் யார். அது தெரியும். தாங்கோங் தெரியாது. ஆனால் காதுக்குப் பழகிய சொல்லாக இருந்தது.

யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் அதையே கேட்டார். பலகையைத் தாங்குவது யார் என்று கேட்கிறார், பாவம், கால் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சாயா" என்றேன். நான்தான் என்று.

மண்டபத்தில் பலர் ஒன்றாக மூச்சு விட்டது கேட்டது. அதிகாரி பலகையைச் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தார். நன்றி சொன்னார். அடையாள அட்டை கேட்டார். கொடுத்தேன். யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது என் வழக்கம். எண்ணை எழுதிக்கொண்டார். ஒரு தாளும் ஒரு புதுச் சாவியும் என் கையில் வைத்தார்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்ச் சங்கத்து மலருக்கு, "அங்கே வாழ்க்கை எப்படி, எழுது" என்று கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது எனக்கு இருபத்துநாலு. இங்கே ரொட்டிக் கடை வேலை. மாவை வீசி, மடித்து, கல்லில் போடுவது. இந்தத் தோட்டத்துப் பெண் அருள்மேரியைக் கட்டினேன். இப்போது புக்கிட் பெலிம்பிங் முச்சந்தியில் எங்களுக்கே ஒரு சின்னக் கடை இருக்கிறது. ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுவிட்டார்கள். செம்பனை வேலைக்கு வேறு நாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். பழைய சனம் லயத்திலும் பக்கத்து மலிவு வீடுகளிலும் இருக்கிறது. தாழ்வான இடம். பக்கத்தில் ஆறு. கடலும் தூரமில்லை. மழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் ஆற்று நீருக்குப் போக வழி இருக்காது. எங்கள் வீட்டுக்குள் வரும்.

இங்கே பிறந்தவர்களுக்கு நீல அடையாள அட்டை, ஐசி என்பார்கள். எனக்குச் சிவப்பு. நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. நீலத்துக்கு எழுதிப் போட்டுப் பல வருடம் ஆயிற்று. பதில் இல்லை. சிவப்பு அட்டைக்காரன் மேல் ஒரு வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கடையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவரை அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். யாரை என்று கேட்டால் தெரியாது. தெரியாததுதான் எனக்குப் பயம். சிவப்பு விளக்கில் ஆளே இல்லாத சாலையிலும் நின்றுதான் போவேன். கடையில் காசு கொடுக்காமல் போனவனைக்கூடச் சத்தம் போட்டதில்லை.

3

வீட்டுக்குப் போனபோது அருள்மேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கையில என்னாங்க சாவி?"

"மண்டபத்துச் சாவி."

"அது ஏன் ஒங்ககிட்ட?"

"தாங்கோங் யாருன்னு கேட்டாரு. நான்னேன்."

அவள் கை தண்ணீரில் அப்படியே நின்றது.

"தாங்கோங்னா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"பலகையத் தாங்குறது."

"பொறுப்புங்க. செலவு, கேசு, எது வந்தாலும் ஏத்துக்கிறவன். இத்தன வருசமா ரொட்டி வீசுறீங்க. கோசோங், தெலோர், புங்குஸ். இத விட்டா ஒரு சொல்லு கத்துக்கல."

வெறும் ரொட்டி, முட்டை ரொட்டி, பொட்டலம். அவள் சொன்னது சரிதான். கடை மலாய் அதற்குமேல் போகாது.

"அண்ணன் இருந்தாரே. ராமையா மாமா இருந்தாரே. அவுங்கல்லாம் மலாய்ல பொறந்து வளந்தவங்க. ஒருத்தரும் சொல்லலியா?"

"சொல்லல."

அவள் அரிசியை மறுபடியும் களைந்தாள். ஏற்கனவே களைந்த அரிசி.

தாளைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினோம். ஜெசிந்தா கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. மாதம் ஒரு தடவை வருவாள். இப்போது அதுவும் இல்லை. அழைத்தாள்.

"பா, சைன் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா. ஐசி நம்பர எழுதிக்கிட்டாரு."

"சேம் திங்பா. இதுல நீங்கதான் அந்த ஹாலுக்கு... என்னா சொல்வாங்க. ஓனர் மாதிரி, பட் ஓனர் இல்ல."

அவளுக்குத் தமிழில் அந்தச் சொல் வரவில்லை. எனக்கு மலாயில் வராமல் போனது. நடுவில் அருள்மேரி இருந்ததால் நாங்கள் பேசிக்கொள்ள முடிந்தது.

தாளில் இருந்தது இதுதான். வெள்ளத்தின்போது சனம் தங்கும் மண்டபம் எதுவானாலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை வேண்டும். கைப்பிடி வைத்த கழிவறை வேண்டும். மின்சாரப் பிளக்கு நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூடிய தண்ணீர்த் தொட்டி வேண்டும். அடுப்பு தனிக் கட்டடத்தில் இருக்க வேண்டும். நாட்டுக்கே பொதுவான உத்தரவு. எல்லாம் முடிந்து அதிகாரி பார்த்துச் சரி சொல்லும்வரை மண்டபத்தைத் திறக்கக் கூடாது. சாவி பெயர் கொடுத்தவரிடம் இருக்கும். அவர் திறந்து, உள்ளே யாருக்காவது ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு முடியாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போடலாம். அப்போது அந்த மண்டபம் கணக்கிலிருந்து போய்விடும். அரிசி வராது, பாய் வராது, வெள்ளத்தில் லோரி அங்கே வராது. சனம் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

"காசு யாரு குடுப்பாங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

மகள் முழுவதும் படித்துப் பார்த்தாள்.

"அதப் பத்தி ஒன்னும் இல்லப்பா."

4

உத்தரவில் இருப்பது ஒன்றும் தப்பில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். போன வெள்ளத்தில் சவரிமுத்துவை ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கி வந்தோம். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். மண்டபத்துப் படியில் ஒருவருக்கு வழுக்கியது. மச்சான் தண்ணீரில் விழுந்தார். கொஞ்ச நேரம் முகம் தெரியவில்லை. சாய்வுப் பாதை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அந்தத் தாளை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். யார் கட்டுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இது எனக்குப் புதிதும் இல்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் கண்மாய் மடைக்கு இரும்புக் கதவு போட வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. பணம் வரவில்லை. ஊரில் தலைக்கட்டு வரி போட்டார்கள். அப்பாவிடம் இல்லை. அதற்கு ஈடாக மடையில் மண் சுமந்தார். கதவு வந்தது. அதில் அரசாங்கத்தின் பெயர் எழுதியிருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்தில் பிறந்தவன் நான். ஊர்ப் பெயரிலேயே தாங்கி என்ற சொல் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் பலகைக்கு இல்லை, செலவுக்கும் வழக்குக்கும் சொல்கிறார்கள் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

5

மறுநாள் ராமையா அண்ணன் பசியாற வந்தார். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வார்கள். ரொட்டியும் பருப்பும் வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். வழக்கமாக உட்கார மாட்டேன்.

"அண்ணே, நேத்து நான் புரியாமத்தான் சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

ரொட்டியைப் பிய்த்தார். "நீ வாயத் தொறக்கலன்னா அடுத்து என்னயத்தான் பாத்திருப்பான்."

"ஒங்களுக்கு நீல ஐசி. நீங்க பேரு குடுங்க. எனக்குச் செவப்பு."

"எம்மவன் கவர்மெண்டு வேலையில இருக்கான். அப்பன் பேர்ல கேசுன்னா அவனுக்கு மேல போற வழி அடைஞ்சிரும் லா." கொஞ்சம் மென்றார். "மணல் வேணுமா, கேளு. சிமெண்டு வேணுமா, எறக்கித் தாரேன். ஆளு வேணுமா, அனுப்புறேன். பேரு மட்டும் கேக்காத."

அன்றைக்கு ரொட்டிக்குக் காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வழக்கமாக அவர் வைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

சொன்னபடி செய்தார். ஞாயிற்றுக்கிழமை மணலும் சிமெண்டும் வந்தன. கோயில் ஆட்களும் பூசை முடிந்த கையோடு மாதாகோயில் ஆட்களும் வந்தார்கள். இடித்த லயத்துச் செங்கல்லை அடுக்கிச் சாயங்காலத்துக்குள் சாய்வுப் பாதை போட்டுவிட்டோம். காய்ந்ததும் சவரிமுத்துவை ஏறிப் பார்க்கச் சொன்னோம். பாதி ஏறினார். நாற்காலி தானாகப் பின்னால் வந்தது. நல்லவேளை, தேவகி அக்கா பிடித்துவிட்டார்.

"மாப்ளே, இது சாய்வுப் பாத இல்ல. பிள்ளைங்க வெளையாடுற சறுக்கு" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வரைபடத்தில் போட்ட நீளத்துக்குக் கட்டினால் பாதை வடிகாலுக்குள் போய் முடியும். வடிகாலை மூட வேண்டும் என்றால் அது வேறு அலுவலகம். அந்த அலுவலகத்துக்கு அருள்மேரியையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் தங்கள் பொறுப்பில் இல்லை, வடிகாலை மூடக் கூடாது என்றார்கள்.

அன்றைக்கே சவரிமுத்து என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னார்.

"ஓட முடியாதவன் பேரப் போடு. பிடிக்க வந்தா அவனுங்கதான் தூக்கிட்டுப் போகணும். அதுக்கும் சாய்வுப் பாத தேடுவானுங்க."

அருள்மேரி மலாயில் சொல்லிக்கொடுக்க, அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் குரல் தாழ்ந்தது. வெள்ளத்தின்போது வந்து கதவைத் திறப்பவர் நடக்கக்கூடியவராக இருக்க வேண்டுமாம். அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அதிகாரி போனை எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வேறு பேச்சுப் பேசினார்.

6

மழை பிடித்துக்கொண்டது. ஜெராமிலிருந்து மீன் கொண்டு வருகிற ஆள், வெள்ளிக்கிழமை கடல் பெரிதாக ஏறும், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாவு வீசும்போது கிழிந்தது. எனக்கு மாவு கிழிந்து பல வருடம் ஆகிறது. வாடிக்கையாளர் ஒருவர், "என்னா அண்ணே, மாவு கிழியுது" என்றார். குளிர் என்றேன். கடைக்கு முன்னால் போலீஸ் வண்டி நின்றால் முன்பு சாதாரணமாகத் தேநீர் கொடுப்பேன். இப்போது சாவி இருக்கிற பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். திறந்தால் தப்பு. பூட்டி வைத்திருந்து யாராவது வாசலில் செத்துப்போய்விட்டால் அது எந்தத் தாளிலும் இல்லாத தப்பு. இரண்டும் என் பையில்தான் இருந்தது.

வியாழக்கிழமை அருள்மேரி சொன்னாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போயிச் சாவியக் குடுத்திட்டு வந்துருங்க. எங்க அண்ணன நான் பாத்துக்கிறேன். ஒங்கள ஏத்தி அனுப்பிட்டாங்கன்னா நான் எங்க போயித் தேடுறது?"

வெள்ளிக்கிழமை காலைக் கடையை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனேன். மழையில் மெதுவாகத்தான் போக முடிந்தது. போய்ச் சேர்ந்தபோது முகப்பு மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை. மூன்று மணி வாக்கில்தான் திறப்பார்கள். இத்தனை வருடம் இருந்து இது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. பயத்தில் கிழமைகூட மறந்துபோகும் போலிருக்கிறது.

படியில் உட்கார்ந்தேன். எதிரே சாக்கடையில் தண்ணீர் ஓடவில்லை. நின்றது. பிறகு மெல்லப் பின்பக்கமாக வந்தது. கடல் ஏறுகிறது என்று அர்த்தம்.

அருள்மேரி அழைத்தாள். "கடைசி லயத்துல முட்டி அளவு வந்துருச்சு. எல்லாம் மண்டபத்து வாசல்ல வந்து நிக்கிறாங்க. மேல கூர இல்ல. அண்ணன் நனையுறாரு."

"லோரி வரலியா?"

"ரோட்டுல தண்ணியாம். டவுனுக்குப் போற வழி மூடிட்டாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "சாவியக் குடுத்திட்டீங்களா?"

"இல்ல."

அவள் போனை வைத்துவிட்டாள். 

அப்போது அதிகாரி தொழுகை முடித்துக் குடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். உள்ளே அழைத்துப் போய், ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார். கையெழுத்து எங்கே போடுவது என்று விரலால் காட்டினார்.

"இதைப் போட்டுவிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை அண்ணே" என்று மெதுவான மலாயில், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "எங்கள் அலுவலகத்துக்கும் காசு வரவில்லை. எல்லா மண்டபத்திலும் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் அம்மா இருக்கிற கிராமத்து மண்டபமும் பூட்டித்தான் இருக்கிறது."

பேனாவை வாங்கினேன். பெயரின் முதல் எழுத்துக்குக் கை போனது. ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

மச்சான் வாசலில் நனைகிறார் என்று அவரிடம் சொல்ல எனக்கு மலாய் வரவில்லை. பேனாவை மேசையில் வைத்தேன்.

"நந்தி" என்றேன். பிறகு என்று அர்த்தம். நம் கோயில் நந்தி இல்லை.

அவர் என்னைத் தடுக்கவில்லை. "பெரிய ரோடு வேண்டாம், செம்பனை வழியாகப் போங்கள்" என்று மட்டும் சொன்னார்.

7

செம்பனைக் காட்டு வரப்பில் மோட்டார் இரண்டு இடத்தில் நின்றது. தள்ளிக்கொண்டு போனேன். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. தலையில் மூட்டை. ஒருவரும் கதவை உடைக்கவில்லை. ராமையா அண்ணன் கதவை ஒட்டி நின்றார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கினார்.

சாவி துளையில் போகவில்லை.  தேவகி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் போனது.

சவரிமுத்துவின் நாற்காலியில் கயிறு கட்டி மூன்று பேர் மேலே இழுத்தார்கள். ராமையா அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார். "விட்டுராதீங்க மாமா, நேரா பாத்ரூமுக்குள்ள போயிருவேன்" என்றார் மச்சான். ஏறிவிட்டார்.

உள்ளே பிளக்குகள் முட்டி உயரத்தில்தான் இருக்கின்றன. மெயினை அணைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. ஒரு தட்டை வைத்து மூடினேன். கழிவறையில் கைப்பிடி இல்லை. அங்கே ஒரு ஆளை நிற்கச் சொன்னேன். அடுப்பு உள்ளேதான் இருக்கிறது. அதைப் பற்ற வைக்காமல் எப்படி அரிசி வேகும். தேவகி அக்கா என் முகத்தைப் பார்த்தார். பற்ற வையுங்கள் என்றேன். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

அருள்மேரி ஒரு துண்டு கொடுத்தாள். "கையெழுத்துப் போட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீர் முதல் படியைத் தொட்டிருந்தது. அதிகாரி அழைத்தார்.

"திறந்துவிட்டீர்களா அண்ணே?"

"திறந்துவிட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"திறந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் பெயருக்குக் கீழே. உள்ளே எத்தனை பேர்?"

அருள்மேரியிடம் மலாய்ச் சொல் கேட்டு, கைக்குழந்தையையும் சேர்க்க வேண்டுமா என்றேன். சேர்க்க வேண்டும் என்றார்.

எழுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். ஒருமுறை தப்பாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

நாற்பத்தேழு.